வீட்டிலேயே நடந்த தை மாதத் திருமணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற தை மாதத்தில் என் தங்கையின் திருமணத்தைக் கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊர் வீட்டிலேயே, ஏறத்தாழ எண்பது பேர் முன்னிலையில் நடத்தினோம். அதன்பிறகு, வீட்டில் பெண்ணையோ பிள்ளையையோ கல்யாணத்துக்கு வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் எங்களிடம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. எளிய திருமணம் என்றதும் வேலையும் குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆட்களைக் குறைத்தால் அழைப்பிதழும் இலையும் குறையும். ஆனால் மண்டபத்துக்காரரும் ஒப்பந்தக்காரரும் சுமந்துவந்த பொறுப்பு முழுவதும் வீட்டாரின் கைக்கு வந்துசேரும் என்பதே நாங்கள் கண்டது. அந்தக் கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புவோருக்காக இந்த விடைகளை எழுதுகிறேன்.

மண்டபங்கள் இத்தனை இருக்கும்போது வீட்டில் நடத்தும் முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?

தொடக்கக் காரணம் மிகச் சாதாரணமானது. மார்கழியில் திருமணம் செய்யும் வழக்கம் இல்லாததால், அந்த மாதத்தில் ஒத்திவைக்கப்பட்டவை எல்லாம் தை பிறந்தவுடன் வந்து குவிகின்றன. வளர்பிறை முகூர்த்தம் என்றால் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து மண்டபங்களை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுகிறார்கள். எங்களுக்கோ நிச்சயதார்த்தமே கார்த்திகையில்தான் நடந்தது. மாப்பிள்ளைக்கு விடுப்பும் தையில்தான் கிடைத்தது. மண்டபம் கிடைக்கும் நாளுக்குத் திருமணத்தை நகர்த்துவதா, நாள் கிடைத்த இடத்தில் திருமணத்தை வைப்பதா என்ற பேச்சு எழுந்தபோது, அத்தைமார் எல்லோருக்கும் இந்த வீட்டு முற்றத்தில்தானே தாலி ஏறியது என்று அப்பா சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

இதில் புதுமை எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு தலைமுறைக்கு முன்புவரை பெண் வீட்டு வாசலிலோ பிள்ளை வீட்டு வாசலிலோ பந்தல் போட்டுத்தான் திருமணம் நடந்தது. இன்னும் பின்னே போனால், அகநானூற்றின் 86ஆம் பாடலில் வரும் திருமணமும் வீட்டில் நடப்பதுதான்: பந்தலின்கீழ் மணல் பரப்பி, விளக்கேற்றி, மாலைகள் தொங்கவிட்டு, உளுந்து சேர்த்துச் சமைத்த விருந்தோடு, இருள் நீங்கும் விடியற்பொழுதில் அது நடக்கிறது. எங்கள் திருமணத்துக்கு அதைவிடக் கூடுதலாக இருந்தவை மின்விளக்கும் காப்பியும்தான் என்று சித்தப்பா வேடிக்கையாகச் சொல்வார்.

எண்பது என்ற எண்ணிக்கையை எப்படி முடிவு செய்தீர்கள்?

பாசத்தைக் கொண்டு பட்டியல் போட்டால் அது ஐந்நூறில் போய் நிற்கும். அதனால் நாங்கள் வீட்டை அளந்தோம். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்திலும் கூடத்திலும் தாலி கட்டும் நேரத்தில் நெருக்கியடிக்காமல் எத்தனை பேர் உட்காரலாம், கொல்லைப்புறப் பந்தலில் ஒரு பந்திக்கு எத்தனை இலை போடலாம் என்று பார்த்தோம். மூன்று பந்திக்குமேல் போனால் கடைசிப் பந்தியில் உட்காருபவர் பசியோடு காத்திருப்பார். குளிர்ந்துபோன குழம்பையும் அவர்தான் சாப்பிடுவார். ஆகவே மூன்று பந்தி என்பதை மேல்வரம்பாக வைத்தோம்.

உண்மையில் எண்ணிக்கையைத் தீர்மானித்தது பந்திகூட அன்று, கழிப்பறை. முதல்நாள் மாலை முதல் மறுநாள் பிற்பகல் வரை தங்கும் விருந்தினர்களுக்கு எங்கள் வீட்டில் உள்ள இரண்டும், பக்கத்து வீட்டார் அன்போடு திறந்துவிட்ட ஒன்றும் போதுமா என்று கணக்கிட்டபோதுதான் நூற்று இருபதாக இருந்த பட்டியல் எண்பதுக்கு இறங்கியது. பந்தல் அலங்காரம் பற்றி ஒரு மாதம் பேசுபவர்கள் இதைப் பற்றி ஒரு நாழிகையாவது பேச வேண்டும்.

அழைக்கப்படாதவர்கள் வருத்தப்படவில்லையா?

வருத்தப்பட்டார்கள். சிலர் இன்னும் வருத்தத்தில்தான் இருக்கிறார்கள். சிறிய திருமணத்தில் கடினமான வேலை எது என்று யாராவது கேட்டால், சமையலையோ பந்தலையோ சொல்லமாட்டேன். யாரை அழைக்காமல் விடுவது என்பதைத்தான் சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் திருமண அழைப்பு என்பது அஞ்சலில் வரும் தாள் அல்ல. வீட்டுக்கு நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்து, "குடும்பத்தோடு வந்திருந்து நடத்திக்கொடுக்க வேண்டும்" என்று கேட்பதே அழைப்பு. அப்படிக் கேட்டவர்களை வர வேண்டாம் என்று சொல்ல முடியாது. கேட்காதவர்களோ உறவே அறுந்ததாக எடுத்துக்கொள்வார்கள். எனவே ஒரே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதிலிருந்து விலகாமல் இருந்தோம். அப்பாவுடனும் அம்மாவுடனும் உடன்பிறந்தோர், அவர்களுடைய பிள்ளைகள், தாய்மாமன் வீட்டார், இரண்டு தாத்தா வீட்டுப் பங்காளிகளில் வீட்டுக்கு ஒருவர், தங்கையின் நெருங்கிய தோழிகள், இதே அளவில் மாப்பிள்ளை வீட்டார் என்று வரையறுத்தோம். அப்பாவுடன் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவர்கள்கூட அந்தப் பட்டியலில் இல்லை. ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால் அடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது என்பதால், மனம் கனத்தாலும் அப்படியே விட்டோம்.

விடுபட்டவர்களிடம் திருமணத்துக்கு முன்பே நேரில் போய்ச் சொன்னது நல்லதாக முடிந்தது. பத்திரிகை இல்லாமல், தாம்பூலம் மட்டும் கொடுத்து, "வீட்டளவில் நடத்துகிறோம், பிள்ளைகள் மறுவீடு முடிந்து வந்ததும் உங்களைப் பார்க்க அழைத்து வருகிறோம்" என்று அப்பாவும் அம்மாவும் சொல்லிவிட்டு வந்தார்கள். செய்தி வேறொருவர் வாயிலாகப் போய்ச் சேர்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததை எல்லோரும் அனுபவித்திருந்ததால், சிறிய திருமணம் என்ற சொல் முன்போல் அதிர்ச்சி தரவில்லை. ஆனால் அன்று குற்றம் சொல்ல அரசாணை இருந்தது. இன்று பொறுப்பு முழுவதும் நம்முடையது.

எங்கள் தெருவுக்கு மட்டும் எந்த விதியும் பொருந்தவில்லை. வாசலில் பந்தல் போட்டுவிட்டுத் தெருவாரை உள்ளே அழைக்காமல் இருப்பது முறையாகாது. முதல்நாள் மாலை பெண்ணழைப்பு முடிந்ததும் தெருவார் அனைவருக்கும் சிற்றுண்டியும் தாம்பூலமும் கொடுத்தோம். முகூர்த்தத்துக்கு வந்து நின்று அட்சதை போட்டவர்களையும் காப்பி கொடுத்தே அனுப்பினோம். எண்பது என்று நான் சொல்வது இவர்களைச் சேர்க்காமல்தான்.

மொய் வாங்கினீர்களா?

வாங்கினோம். வாங்காமல் இருப்பதே நாகரிகம் என்று தங்கை நினைத்தாள். அப்பா ஏற்கவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மொய் என்பது பரிசு மட்டும் அன்று. நாம் அவர்கள் வீட்டு விசேஷத்தில் எழுதியது திரும்பி வருவதும் அதில் அடங்கும். அப்பாவின் மொய் நோட்டில் பல ஆண்டுகளாக எழுதிய கணக்கு இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களும் அதேபோல் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். திருப்பிச் செலுத்த வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்வது, அவரைக் கடனாளியாகவே நிறுத்திவைப்பதற்குச் சமம்.

சிக்கல், அழைக்கப்படாதவர்களிடத்தில் எழுந்தது. அவர்களில் பலர் திருமணத்துக்குப் பின் வீடு தேடிவந்து, உரிய தொகையைக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுச் சென்றார்கள். மாசி முழுவதும் இப்படி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவகையில், மண்டபத்து வரிசையில் அரைநிமிடம் நின்று படம் எடுத்துக்கொள்வதைவிட அந்தச் சந்திப்புகளில்தான் தங்கையும் மாப்பிள்ளையும் உறவுக்காரர்களை முறையாக அறிந்துகொண்டார்கள். வீட்டில் சிறிதாக நடத்துபவர்கள் அடுத்த ஒரு மாதத்துக்குப் பாலும் காப்பித்தூளும் கூடுதலாக வாங்கிவைக்க வேண்டும்.

காவிரிப் படுகையில் என்ன பெரிய குளிர்? அதைப் பொருட்படுத்தத்தான் வேண்டுமா?

ஊட்டி, கொடைக்கானல் குளிரோடு ஒப்பிட்டால் எங்கள் ஊர்க் குளிர் ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ் மரபில் மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்று பெயர் பெற்றதற்குக் காரணம் உண்டு. ஆற்றுநீரும் வயல்நீரும் சூழ்ந்த ஊர்களில் அதிகாலைப் பனி மழைத்தூறல்போல் இறங்குகிறது. முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் என்று குறிக்கப்பட்டிருந்தது. தை மாதத்தில் சூரியன் எழவே ஆறரை மணிக்கு மேல் ஆகிவிடும். அதாவது, சடங்குகளின் பாதியும் ஏற்பாடுகள் அனைத்தும் இருட்டிலும் பனியிலும் நடக்க வேண்டும். பந்தல், உணவு, பூ, இசை, பயணம் எல்லாவற்றையும் அந்த விடியற்காலை ஒன்றே மாற்றியமைத்தது.

பந்தலை எப்படி அமைத்தீர்கள்?

பந்தக்கால் நட்டது வழக்கப்படிதான்: மூங்கில் காலின் உச்சியில் மாவிலையும் கல்யாண முருங்கைக் கிளையும் கட்டி, மஞ்சள் குங்குமம் இட்டு, நவதானியம் போட்ட குழியில் நட்டோம். அதற்கு மேல் எதைக் கொண்டு கூரை வேய்வது என்பதில்தான் நீண்ட விவாதம்.

பெரியவர்கள் கீற்றுப் பந்தலைத்தான் விரும்பினார்கள். தென்னங்கீற்று பனியை உள்ளே விடாது, கதகதப்பாகவும் இருக்கும், பார்க்கவும் அழகு. நான் உறுதியாக மறுத்தேன். 2004ஆம் ஆண்டு, இதே தை மாதத்தில், சனவரி 23ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள். ஒளிப்பதிவு விளக்குக்கான மின்கம்பியில் ஏற்பட்ட கசிவு கீற்றுக் கூரையைப் பற்றவைத்தது. அதே ஆண்டு சூலையில் எங்கள் கும்பகோணத்திலேயே பள்ளிக்கூடக் கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீக்கு 94 குழந்தைகள் பலியானார்கள். இவை இரண்டையும் நினைவில் வைத்திருக்கும் ஊரில், விளக்கும் மின்கம்பியும் அடுப்பும் சேரும் இடத்தில் கீற்றை வேய்வதை என்னால் ஒப்ப முடியவில்லை.

கடைசியில் தகரக் கூரைப் பந்தலை வாடகைக்கு எடுத்தோம். அதற்கும் ஒரு குணம் உண்டு. இரவெல்லாம் குளிர்ந்த தகரத்தின் அடிப்பக்கத்தில் ஈரம் முத்துமுத்தாகப் படிந்து, விடிகிற நேரத்தில் சொட்டத் தொடங்கும். பட்டுப்புடைவைமீதும் இலைமீதும் அது விழும். இதைத் தடுக்கத் தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டுப் பருத்தித் துணியை விதானமாகக் கட்டச் சொன்னோம். துணியை ஒட்டி எந்த விளக்கும் வைக்காமல், சூடேறாத எல்.இ.டி. விளக்குகளைத் தூண்களில் மட்டும் பொருத்தினார்கள். சமையல் அடுப்பு கொல்லையின் மறுகோடியில், வைக்கோல் போருக்கு எதிர்த்திசையில் இருந்தது. மணல் நிரப்பிய வாளிகள் நான்கு, யாரும் தொடாமல், அடுப்பின் அருகிலேயே நின்றன.

சடங்கு நடந்த இடம் முற்றம். எங்கள் வீட்டு முற்றம் வானம் பார்த்தது. அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியதால் பனி உள்ளே இறங்கவில்லை. முதல்நாள் இரவு நாற்காலிகளை விரித்துவைக்கவே இல்லை. விடியற்காலை துடைத்து உலர்ந்த துணி விரித்த பின்புதான் போட்டோம்.

தை மாதத்தில் மழை வந்தால்?

வரக்கூடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகப் பொங்கலையொட்டி விடைபெறும் என்றாலும், 2021 சனவரியில் பெய்த தொடர்மழையில் இந்தப் படுகை முழுவதும் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து முளைத்ததை விவசாயிகள் மறக்கவில்லை. கொல்லைப் பந்தலின் தரையை அரையடி உயர்த்தி மணல் கொட்டியது இதற்காகத்தான். மழை வரவில்லை, மணல் பிறகு தோட்டத்துக்குப் பயன்பட்டது.

உணவில் குளிரால் ஏற்பட்ட மாற்றங்கள் என்ன?

இதைப் பற்றி எங்கள் சமையற்காரரைப் போல் வேறு யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. எழுபதை நெருங்கும் அவர், மண்டபங்கள் வருவதற்கு முந்தைய காலத்திலேயே வீட்டுத் திருமணங்களுக்குச் சமைத்தவர்.

முதலாவது, மாவு. வெயில் காலத்தில் இரவு அரைத்த இட்லி மாவு விடியலில் பொங்கி நிற்கும். தையில் அது அசையாது. முதல்நாள் முற்பகலிலேயே அரைத்து, அண்டாக்களைச் சமையலறைக்குள் அடுப்பின் வெம்மை படும்படி வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடினார். தயிருக்கும் இதே பாடு. பாலை வழக்கத்தைவிடச் சற்றுச் சூடாக இருக்கும்போதே உறை ஊற்றி, உறைமோரையும் கூட்டி, பாத்திரங்களை வைக்கோலுக்குள் புதைத்துவைத்தார். வாழைப்பழம் பழுப்பதும் குளிரில் தாமதப்படும் என்பதால், பூவன் தார்களை முன்கூட்டியே வெட்டிப் புகைமூட்டம் போட வேண்டியிருந்தது. நெய்யை இலையில் ஊற்றும் முன் உறைந்துபோகாமல் இருக்க, நெய்க்கிண்ணம் எப்போதும் ஒரு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது.

இரண்டாவது, அரிசி. தை என்றாலே புதுநெல் வீட்டுக்கு வரும் காலம். எங்கள் வயலில் விளைந்ததைத்தான் கல்யாணச் சோறாகப் போட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். புது அரிசிச் சோறு குழையும், பருப்புக்கும் ரசத்துக்கும் உதிரியாக வராது என்று சமையற்காரர் ஏற்கவில்லை. ஆகவே, முந்தைய ஆண்டின் பழைய அரிசியில் சோறும், புது அரிசியில் சர்க்கரைப் பொங்கலும் என்று உடன்பாடு ஏற்பட்டது. கிலோவுக்குப் பத்துப் பேர் என்பது அவருடைய அரிசிக் கணக்கு. வீட்டுத் திருமணத்தில் அது பிசகவில்லை.

காலைச் சிற்றுண்டிக்கு இட்லி, வெண்பொங்கல், வடை, கும்பகோணம் கடப்பா. மதியம் பருப்பு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், வாழைத்தண்டுக் கூட்டு, சேனை வறுவல், பால் பாயசம். மண்டபத்து இலைகளில் இருபத்தைந்து வகை வைத்துப் பாதியைக் குப்பையில் கொட்டும் வழக்கத்தை நாங்கள் பின்பற்றவில்லை. அதற்கு மாறாக, மொச்சை, அவரை, பரங்கி, சர்க்கரைவள்ளி என்று பொங்கலை ஒட்டிக் கிடைக்கும் காய்கறிகள் எல்லாம் சேர்ந்த குழம்பு ஒன்றைச் சமையற்காரர் தாமாகவே சேர்த்தார். வந்தவர்கள் இன்றும் விசாரிப்பது அந்தக் குழம்பைத்தான்.

பரிமாறியவர்கள் அத்தை பிள்ளைகளும் சித்தப்பா மகன்களும். யாருக்கு இனிப்பு ஆகாது, யார் ரசத்தை இரண்டு முறை கேட்பார் என்று அவர்களுக்குத் தெரியும். கூலிக்கு வருபவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்து ஊற்றுவதும் ஒரு பயிற்சிதான் என்பதால், சமையற்காரரின் ஆள் ஒருவர் பந்தியின் தலைமாட்டில் நின்று அவர்களை நடத்தினார்.

பூ கிடைத்ததா?

மல்லிகையை நம்பக்கூடாது. பனிக்காலத்தில் மல்லிச்செடி மொட்டு விடுவது மிகவும் குறையும். பொங்கலும் முகூர்த்தமும் சேரும்போது மதுரை மாட்டுத்தாவணி, நிலக்கோட்டைச் சந்தைகளில் ஒரு கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறிவிடுகிறது. மணப்பெண்ணின் சடைக்கு மட்டும் மல்லிகை வாங்கினோம். மாலைகளுக்குச் சம்பங்கியும், தோரணங்களுக்கு அந்தப் பருவத்தில் மலிந்து கிடக்கும் செவ்வந்தியும், வந்த பெண்களுக்கு மரிக்கொழுந்து வைத்துக் கட்டிய டிசம்பர் பூவும் போதுமானவையாக இருந்தன. வாசலுக்குக் குலைதள்ளிய வாழையும் குருத்தோலையும் எங்கள் கொல்லையிலிருந்தே வந்தன.

மேளம், ஒலிபெருக்கி?

நாகசுரம் ஒன்று, தவில் ஒன்று, தாளம், ஒலிபெருக்கி இல்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. முகூர்த்த ஏற்பாடுகள் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே வந்தன. தவிலின் தோல் பனி ஈரத்தில் தளர்ந்துவிடும் என்பதால், கலைஞர்களைத் திண்ணையில் உட்கார வைக்காமல் உள்கூடத்தில் இடம் கொடுத்தோம்.

வெளியூர் விருந்தினர்களை எப்படித் தங்கவைத்தீர்கள்?

அதிகாலை மூடுபனியில் யாரும் வண்டி ஓட்டி வரக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டதால், மாப்பிள்ளை வீட்டார் உட்பட அனைவரும் முதல்நாள் மாலையே வந்துசேர்ந்தார்கள். முதியவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் தெருவில் மூன்று வீடுகளில் தங்கினார்கள். மற்றவர்கள் எங்கள் வீட்டு மாடியிலும் கூடத்திலும். எங்கள் ஊர் வீடுகளில் பாய்க்கும் தலையணைக்கும் குறைவில்லை, போர்வைதான் கிடையாது. சிமெண்டுத் தரையின் சில்லிப்பைப் பாய் தடுக்காது என்பதால், ஜமக்காளத்தை இரட்டையாக மடித்து விரித்து, போர்வைகளைப் பாத்திர வாடகைக் கடைக்காரர் மூலமாகவே வரவழைத்தோம்.

கொல்லையில் ஓர் அண்டா வெந்நீர் அதிகாலை மூன்று மணியிலிருந்து கொதித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக அமர்த்தினோம்.

வீட்டில் நடத்தினால் பெண்களின் முதுகில்தானே அத்தனை வேலையும் விழும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் பெண்களே. அவர்கள் கேட்டது சரி. அந்தக் காலத்து வீட்டுத் திருமணங்களைப் பற்றி ஆண்கள் நெகிழ்ந்து பேசுவார்கள். என் பாட்டி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தன் மகள் கழுத்தில் தாலி ஏறியபோது அவர் அடுக்களையில் இருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஆகவே சில ஏற்பாடுகளை எழுதியே ஒட்டினோம். திருமணத்துக்கு முதல்நாள் மதியம் தொடங்கி, வீட்டுப் பெண்கள் யாரும் அடுப்பருகே போகக்கூடாது. தேநீர் உட்பட அனைத்தும் சமையற்காரர் பொறுப்பு. சாமான் அறைச் சாவி தம்பியிடம், வாடகைப் பாத்திரக் கணக்கு சித்தப்பாவிடம், காப்பி விநியோகம் மாமாவிடம். அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கக்கூடாது. அம்மாவால் சும்மா உட்கார முடியவில்லை என்பதும், சித்தப்பா எண்ணியதை அத்தை மறுபடியும் எண்ணினார் என்பதும் வேறு விஷயம். ஆனால் தாரை வார்க்கும்போது அம்மா நிதானமாக நின்றார். காலைப் பலகாரத்தை முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். திருமணத்துக்கு முந்தைய வாரத்து முறுக்கு, அதிரசம், வீடு மெழுகல், ஒழித்துவைத்தல் போன்ற வேலைகள் மட்டும், எத்தனை பட்டியல் போட்டாலும், பெரும்பாலும் பெண்களிடமே போய் நின்றன. இதற்கு நல்ல தீர்வு எங்களிடம் இல்லை. கூலிக்கு ஆள் வைத்தால் பாதி குறையும்.

செலவு குறைந்ததா?

குறைந்தது, எதிர்பார்த்த அளவுக்கு அன்று. மண்டப வாடகையும் அலங்காரமும் ஆயிரம் இலைச் சாப்பாடும் இல்லை. ஆனால் பந்தல், மின்னாக்கி, பாத்திரம், நாற்காலி, போர்வை எல்லாவற்றையும் தனித்தனியாக வாடகைக்கு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, கழிப்பறைக் குழாய்களைச் சீர்செய்வது, கிணற்று மோட்டாரைப் பழுதுபார்ப்பது போன்றவற்றையும் கல்யாணச் செலவில்தான் எழுத வேண்டும். தையில் அறுவடை நடப்பதால் ஊரில் கூலியாட்கள் கிடைப்பதும் அரிது. கிடைத்தவர்களுக்குக் கூலி கூடுதலாகவே கொடுக்க வேண்டும், அது நியாயமும்கூட. செலவைச் சுருக்குவதையே முதல் நோக்கமாகக் கொண்டவர்கள் கோயிலில் தாலி கட்டிவிட்டு, உணவகத்தில் விருந்து வைப்பதே மேல்.

புரோகிதர் இல்லாமல் வீட்டில் நடந்த திருமணம் சட்டப்படி செல்லுமா? பதிவு செய்ய முடிந்ததா?

எங்கள் வீட்டில் ஓமம் வளர்க்கவில்லை. குத்துவிளக்கின் முன்னே ஓதுவார் ஒருவர் தேவாரம் ஓத, பெரியவர்கள் தொட்டுக்கொடுத்த தாலியை மாப்பிள்ளை கட்டினார். அதனால்தான் இந்தக் கேள்வி வருகிறது.

தமிழ்நாட்டில் இதற்குத் தெளிவான விடை உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் 7அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்த பிரிவு அதுவே. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் அறிவிப்பதோ, மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும், புரோகிதர் தேவையில்லை. அத்தகைய திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எண்பது பேர் போதுமா என்று கவலைப்பட்ட பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது, எட்டுப் பேர் போதும் என்றால் நீங்கள் அதற்கும் துணிவீர்கள் என்றார்.

பதிவு வேறு. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி, எந்தச் சமயத்தவரானாலும், எந்த முறையில் நடந்தாலும், திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மண்டப ரசீது இல்லையே என்று சிலர் அஞ்சுகிறார்கள். அச்சிட்ட அழைப்பிதழில் வீட்டு முகவரியே திருமணம் நடக்கும் இடமாகக் குறிக்கப்பட்டிருந்ததால் எங்களுக்குத் தடை ஏற்படவில்லை. எண்பது பேர்தானே, தொலைபேசியில் சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள் இதற்காகவாவது சில பத்திரிகைகளை அச்சிட்டுக்கொள்ள வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, நிழற்படம், சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றைத் திருமணத்துக்கு முன்பே ஓர் உறையில் போட்டுவைப்பது நல்லது. பிறகு மறுவீடும் விருந்துமாக நாள்கள் ஓடிவிடும்.

யாருக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டீர்கள்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே முற்றமும் கொல்லையும் இல்லாததோடு, விடியற்காலை மேளத்துக்குக் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும். உடன்பிறந்தவர்களும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளும் நாலு நாள் முன்னதாகவே வந்து நிற்கமாட்டார்கள் என்றால், இதில் இறங்க வேண்டாம். கூலிக்கு ஆள் வைத்து எல்லாவற்றையும் செய்வதற்கு மண்டபமே வசதியானது. ஒரே ஒரு மருமகள் மட்டும் ஓடியாட வேண்டிய வீட்டுக்கும் இதைச் சொல்லமாட்டேன். ஊர் முழுவதும் மொய் எழுதி வைத்திருப்பவர்கள், அது திரும்பி வருவதை எதிர்பார்த்தே திருமணச் செலவைத் திட்டமிட்டிருந்தால், பெரிய மண்டபத்தையே எடுப்பது அவர்களுக்கும் எழுத வருபவர்களுக்கும் நல்லது. இவை எதுவும் இல்லாமல், கழிப்பறையும் தண்ணீரும் போதுமான அளவு உள்ள வீடும், விதியை மீறாமல் பட்டியல் போடும் மனத்துணிவும் இருந்தால், தை மாதத்துக்கான பந்தல்காரரையும் சமையற்காரரையும் ஐப்பசியிலேயே பேசி வைத்துவிடுங்கள். மண்டபங்களைப் போலவே அவர்களுக்கும் தையில் நாள் கிடைக்காது.